சிவப்பு விளக்கில் கியர் எங்கே இருக்கட்டும்?

கிளட்ச் மிதி இல்லாத கார்கள் நம் சாலைகளில் பெருகிவிட்டன. 2014-ல் மாருதி செலேரியோ ஏஎம்டி வந்த பிறகு, சிறிய கார் வாங்குபவர்களுக்கும் ஆட்டோமேட்டிக் எட்டும் பொருளாகிவிட்டது. அதை ஓட்டத் தொடங்கும் எல்லோருக்கும் எழும் சந்தேகம் ஒன்று உண்டு. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி 'டி' என்னும் டிரைவிலேயே நிற்கலாமா, 'என்' என்னும் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டுமா? ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இயந்திரங்கள் இருப்பதால், உள்ளே இருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும்.

மூத்த வகை, டார்க் கன்வர்ட்டர். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த அமைப்பு, கப்பலுக்காகப் பிறந்தது. எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் இரண்டு இறக்கைச் சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். ஒன்றை எஞ்சின் சுழற்றும். மற்றது கியர்பாக்ஸோடு இணைந்தது. இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. அண்டாவில் ரசத்தை வேகமாகக் கலக்கினால் அதில் கிடக்கும் இன்னொரு கரண்டியும் சேர்ந்து சுற்றுமே, அப்படி எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது.

'டி'யில் பிரேக் பிடித்து நிற்கும்போது இரண்டாவது சக்கரம் அசையாது. முதல் சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். இடையில் எண்ணெய் அலைக்கழிந்து சற்றுச் சூடாகும். எஞ்சினும் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் எடுக்கும். பிரேக்கை விட்டதும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கார் ஊர்வது இந்தத் தள்ளலால்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எழும் இந்தச் சூட்டைத் தாங்கும்படியே கியர்பாக்ஸ் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் கேடில்லை.

நியூட்ரலுக்கு மாற்றினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் விலகும். சுமை நீங்கும், அதிர்வு குறையும். ஆனால் மீண்டும் 'டி'க்கு வரும்போதெல்லாம் அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று பற்ற வேண்டும். அரை நிமிட நிறுத்தத்துக்கு இதனால் பெரிய லாபமில்லை. ரயில்வே கேட் போல நெடுநேரம் நிற்கும் இடத்தில் நியூட்ரலும் கைபிரேக்கும் காலுக்கு ஓய்வு தரும்.

ஏஎம்டி வேறு கதை. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை நம் காலுக்குப் பதிலாக ஓர் இயக்கி அழுத்துகிறது. பிரேக் பிடித்து நின்றால் கிளட்ச் தானே விலகிவிடும். இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி கார்களிலும் அப்படித்தான். இவற்றுக்குப் பகை, அரைகுறை ஊர்தல். பிரேக்கை லேசாகத் தொட்டபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் உராய்ந்து சூடேறும். முன்னால் நல்ல இடைவெளி விழும்வரை பிரேக்கை அழுத்தமாக மிதித்து நிற்பதே அதைக் காக்கும். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக் காரை நிறுத்திப் பிடிப்பது கிளட்ச்சைக் கருக்கிவிடும்.

எந்த வகையானாலும் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். நியூட்ரல் காரைப் பிடித்து நிறுத்தாது. சிறு சரிவும் உருட்டிவிடும். நியூட்ரலிலிருந்து 'டி'க்கு வரும்போது கால் பிரேக்கில் இருக்க வேண்டும். எஞ்சினை உறுமவிட்டு மாற்றினால் கார் பாய்ந்துவிடும். சிக்னலில் 'பி' என்னும் பார்க்கிங் நிலை வேண்டாம்: அதில் கியர்பாக்ஸைப் பூட்டுவது ஒரு சிறு கொக்கி, பின்னால் எவரேனும் இடித்தால் அது உடையக்கூடும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று நம்புவதும் தவறு. கியரில் வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். எஞ்சினின் பிடிமானமும் கூடவே கிடைக்கும். மலைப்பாதையில் அந்தப் பிடிமானத்தை இழந்தால், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும்.

சிறு நிறுத்தத்துக்கு 'டி'யும் அழுத்தமான பிரேக்கும். நீண்ட நிறுத்தத்துக்கு நியூட்ரலும் கைபிரேக்கும். உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு. வாகனத்தோடு வரும் அந்தப் புத்தகத்தை ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.