எந்த மொழியில் சோதித்தார்கள்?

மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை ‘கொடி’ என்ற சொல்லில் தடுக்கி நிற்கிறது. ககரத்துக்கு முன்னே ஒற்றைக்கொம்பு, பின்னே கால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். பிள்ளை ‘கெடி’ என்கிறது. அதே பாடத்தின் கதையை ஒருமுறை கேட்டாலோ, ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறது. இந்தப் பிள்ளையை ‘மக்கு’ என்பது பெரும் பிழை. அறிவு குறையாமல் வாசிப்பு மட்டும் பிடிபடாத நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர்.

மலேசியாவில், சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே உள்ள லாபு வட்டாரத்தில் தோட்டங்களின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. அங்கே முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகள் பிள்ளையின் முன் வந்துவிடுகின்றன. மலாயில் தடுமாறினால், அது பழக்கமின்மையாகவும் இருக்கலாம், குறைபாடாகவும் இருக்கலாம். வீட்டில் பேசும் தமிழிலும் அதே தடுமாற்றம் உண்டா என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

2010இல் கல்வியமைச்சு தொடங்கிய லீனஸ் திட்டம், மூன்றாம் ஆண்டுக்குள் எல்லாரும் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்க வேண்டும் என்றது. அதன் வாசிப்புச் சோதனை மலாயில் நடந்தது. 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் வாசிப்பு அதில் இடம்பெறவில்லை.

டிஸ்லெக்சியா சோதனை எப்படி நடக்கும்? முதலில் கண்ணும் காதும். சரியாகத் தெரியாத, கேட்காத பிள்ளைக்கும் படிப்பு பின்தங்கும். அடுத்து, ஆசிரியர் நிரப்பும் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல். இது ஐயத்தை எழுப்பும், முடிவு சொல்லாது. பிறகு அரசாங்க கிளினிக் அல்லது மருத்துவமனை. உளவியலாளர் அறிவுத்திறனைத் தனியாகவும் வாசிப்பைத் தனியாகவும் அளப்பார். ‘தமுசி’, ‘கோபிறு’ போன்ற பொருளற்ற சொற்களைப் படிக்கச் சொல்வதும் ஒரு முறை. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. எழுத்தை ஒலியாக்கத் தெரிகிறதா என்பது மட்டும் வெளிப்படும்.

2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, சிறப்புத் தேவை உண்டென்பதை மருத்துவர், உளவியலாளர் போன்ற வல்லுநர்தான் உறுதிப்படுத்த வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டையைச் சமூக நலத்துறை வழங்குகிறது. சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. ஆனால் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. சோதனை முடிந்ததும் பல பெற்றோருக்கு அடுத்த கவலை இங்கேதான் தொடங்குகிறது: பிள்ளைக்காகத் தமிழ்ப்பள்ளியை விட்டு மாற வேண்டுமா?

அந்த முடிவை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். டிஸ்லெக்சியா உள்ள எல்லாருக்கும் தனி வகுப்பு தேவைப்படாது. குறைநீக்கல் போதனையும், தேர்வில் கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆளும் இருந்தால் வழக்கமான வகுப்பிலேயே பலர் தேறிவிடுவார்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் பிள்ளையின் தமிழ் எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். “எந்த மொழியில் சோதிக்கிறீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள். தமிழில் சோதிக்க வழியில்லை என்றால், வகுப்பாசிரியர் பிள்ளையைத் தமிழில் வாசிக்க வைத்து எழுதிய குறிப்பைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ‘கொடி’ எங்கே ‘கெடி’ ஆனது என்று அந்தத் தாள்தான் மருத்துவருக்குக் காட்டும்.