யானைக்கு மெனு கார்டு... நமக்கு டீயும் வர்க்கியுமா?

காலையில என்ன சாப்பிட்டீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்!

'ஒரு டீ, ரெண்டு வர்க்கி'ன்னு சொல்றவங்க ரெண்டாவது பெஞ்ச்சுல உட்காருங்க. 'ஒண்ணுமே சாப்பிடலை'ன்னு சொல்றவங்க முதல் பெஞ்ச்சுக்கு வாங்க. வெட்கமே வேண்டாம். போன வருஷம் வரைக்கும் அந்த பெஞ்ச்சுக்கு நான்தான் லீடர்!

ரிஜெக்ட் ஆன ரத்தம்!

எங்க காலேஜ்ல ரத்ததான முகாம். எங்க ஹாஸ்டல் கேங் மொத்தமும் கெத்தா போய் வரிசையில நின்னோம். விரல்ல ஒரு குத்து, மெஷின்ல ஒரு சொட்டு. நர்ஸ் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "9.8 தான் இருக்கு. நீ இப்ப கொடுக்கக் கூடாதும்மா. முதல்ல டாக்டரைப் பாரு"ன்னாங்க. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைஞ்சது 12.5 இருக்கணுமாம்.

ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு சமாளிச்சேன். ஆனா ராத்திரி படுத்ததும்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. மூணாவது மாடி ஏறினா மூச்சு வாங்குறது, மதியம் லேப்ல தலை சுத்துறது... எல்லாத்துக்கும் 'அரியர் டென்ஷன்'னு பேர் வெச்சிருந்தேன்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு ஒரு கேள்வி கேட்டார். "தினமும் என்ன சாப்பிடுறே?" காலையில டீ, மதியம் மெஸ் சாப்பாட்டுல பாதி, சாயங்காலம் டீயும் பப்ஸும், ராத்திரி நூடுல்ஸ்... சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமா போச்சு.

இது என் ஒருத்தி கதை இல்லைங்க. 2019-21ல நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. உங்க ரூம்ல நாலு பேர் இருந்தா, கணக்குப்படி ரெண்டு பேர்!

தெப்பக்காட்டு டயட் சார்ட்!

லீவுக்கு ஊருக்கு, அதாவது மசினகுடிக்கு வந்தேன். எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல தெப்பக்காடு யானைகள் முகாம். 2023ல ஆஸ்கர் வாங்கின 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துல பார்த்திருப்பீங்களே, அதே இடம். சின்ன வயசுல இருந்து பார்க்குற முகாம்தான். ஆனா இந்தத் தடவை கண்ணுல பட்டது யானை இல்லை, அங்கே இருந்த போர்டு!

ஒவ்வொரு யானைக்கும் என்ன, எவ்வளவுன்னு அதுல எழுதியிருக்கு. ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு, தாதுச்சத்துக் கலவை... வயசு, எடை, உடம்பு நிலைமை பார்த்து அளவு மாறும். வேக வெச்சு, பெரிய பெரிய உருண்டையா பிடிச்சு, பாகன் வாயில ஊட்டி விடுறார். பக்கத்துலயே கால்நடை டாக்டர் மேற்பார்வை வேற.

பல டன் எடை யானைக்கு அத்தனை கணக்கு. எனக்கு? மெஸ் கதவு மூடுறதுக்குள்ள எழுந்திருக்கிறதா வேண்டாமாங்கிறது மட்டும்தான் கணக்கு!

வீட்டுக்கு வந்தா, அங்கேயும் அதே ராகி. பாட்டி களி கிண்டி, அவரைக்காய்க் குழம்பு ஊத்தி வெச்சிருந்தாங்க. ஸ்கூல் படிக்கிறப்ப 'இதெல்லாம் யார் சாப்பிடுவா'ன்னு தட்டைத் தள்ளினவ நான். 100 கிராம் ராகியில 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. வெள்ளை அரிசியில அதுல பத்துல ஒரு பங்குகூட கிடையாது. உலகமே 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சு. நான் பாட்டியைக் கொண்டாட மறந்துட்டேன்!

36 வளைவு பிரச்னை

'சோம்பேறிங்க, அதான் சாப்பிடறதில்லை'ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்க தெருவுல இருந்து தினமும் ஊட்டி காலேஜுக்குப் போற தங்கச்சி ஒருத்திகிட்ட கேட்டேன். "இருட்டுலயே கிளம்பணும்க்கா. சாப்பிட்டுட்டு பஸ் ஏறினா கல்லட்டி வளைவுல வாந்தி வந்துடும்"னா. 36 கொண்டை ஊசி வளைவு பாஸ்! அப்புறம் அவ வயித்துக்குள்ள ஏதாவது போறது காலேஜ் இடைவேளையிலதான். அதுவும் டீயும் பன்னும்.

1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும் படிக்கிற அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2022ல காலை உணவுத் திட்டம் தொடங்கினாங்க. அவ தம்பி ஸ்கூல்ல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு வெட்டுறான். காலேஜ் போற அக்காவுக்கு? நம்ம பாடு நம்ம கையிலதான்!

அதனால நாங்க ரெண்டு பேரும் டாக்டர் சொன்னதையும் பாட்டி சொன்னதையும் கலந்து ஒரு டீல் போட்டோம். நீங்களும் சேர்ந்துக்கலாம்.

* டீயை விட வேண்டாம். நீலகிரியில இருந்துக்கிட்டு அதைச் சொன்னா அடி விழும்! ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் டீ, காபிக்கு லீவு. டீயில இருக்கிற டானின், சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது.

* சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காய், கொய்யா, இல்லை எலுமிச்சம்பழம். வைட்டமின் சி இருந்தா இரும்புச்சத்து நல்லா உடம்புல ஒட்டும்.

* பஸ் பார்ட்டிகளுக்கு, டப்பா! வளைவெல்லாம் முடிஞ்சு தலைகுந்தா வந்ததும் மூடியைத் திறங்க. ரெண்டு இட்லியோ, ராகி அடையோ போதும்.

* சாயங்காலம் பப்ஸுக்குப் பதிலா கொள்ளு சுண்டல், வேர்க்கடலை. பர்ஸும் தப்பிக்கும்.

* அடிக்கடி தலை சுத்துதா? ஃப்ரெண்டோட மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க. அரசு ஆஸ்பத்திரியில ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் முகாம். அதே வரிசை, அதே குத்து. 12.1! "இன்னும் கொஞ்சம்தான்"னு நர்ஸ் அக்கா சிரிச்சாங்க. இந்தத் தடவையும் ரத்தம் கொடுக்கலை. ஆனா, மூணாவது மாடி வரைக்கும் நிக்காம ஏறினேன்.

அடுத்த முகாமுக்கு நான் ரெடி. நீங்க?

சரி சரி... முதல்ல போய் சாப்பிடுங்க!