உங்களுக்குத் தெரியுமா? ராஜாளியின் ஹெலிகாப்டர் பள்ளி

இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி, இராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இயங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் இருந்த இடம் இது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ராஜாளியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பள்ளியின் படைப்பெயர் 561-ஆம் கடற்படை வான் பிரிவு. கடலோரக் காவல்படை, நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கே பயில்கிறார்கள்.

பயிற்சிக்குப் பயன்படுவது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.) தயாரித்த 'சேத்தக்' ஹெலிகாப்டர். இடக்கை நெம்புகோல் அதை ஏற்றி இறக்கும்; வலக்கைத் தண்டு வேண்டிய பக்கம் சாய்க்கும்; கால் மிதிகள் மூக்கைத் திருப்பும். மூன்றையும் ஒருசேர இயக்கி அந்தரத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் புதியவர்களுக்குக் கடினமான பாடம்.

2024 ஜூன் 7 அன்று பள்ளியின் 102-ஆம் பயிற்சி அணியின் நிறைவு அணிவகுப்பு நடந்தது. கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைவர் வைஸ் அட்மிரல் ராஜேஷ் பெந்தர்கர் 21 அதிகாரிகளுக்குத் தங்கச் சிறகுச் சின்னம் வழங்கினார். அவர்களில் ஒருவரான சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி.