இடம் பெயர்ந்து வந்த வீடுகள்

தட்சிணசித்ரா, முட்டுக்காடு

இங்குள்ள பழைய வீடுகள் மாதிரிகள் அல்ல. மக்கள் பிறந்து, வாழ்ந்து, மூத்த உண்மையான வீடுகள். இடிபடவிருந்தவற்றை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொண்டுவந்து, மரபுத் தச்சர்களும் கொத்தர்களும் மீண்டும் எழுப்பினர். 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இந்த அருங்காட்சியகத்தை 1996-இல் திறந்தது. வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு.

வீடுகளுக்குள்

செட்டிநாட்டு வணிகர் வீட்டையும் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் முற்றத்தைச் சுற்றி உறவுகள் கூடின. மற்றொன்றில் தறியைச் சுற்றியே குடும்பம் நடந்தது. கேரளத்து மர வீடுகளில் பலகைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் நேர்த்தியைக் கவனியுங்கள்.

கைவினை முற்றம்

குயவர் கோலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஈரக் களிமண்ணை விரல்களால் மேலே இழுக்கிறார். மரபு முறையில், சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடி இருக்காது. சற்று உலர்ந்தபின் உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடிப்பாகம் மூடப்படுகிறது. அதனால்தான் பானையின் அடி அழகாக உருண்டிருக்கிறது.

களிமண்ணைத் தொடுங்கள், பனையோலை பின்னிப் பாருங்கள், கைவினைஞர்களிடம் தயங்காமல் கேளுங்கள். வீடு திரும்பியதும், உங்கள் ஊர்ப் பழைய வீட்டைப் பற்றிப் பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.