முத்துக்கும் காரைக்கும் ஒரே பொருள்

முத்துக்குளித்துறையில் எடுத்த முத்தையும், தூத்துக்குடியின் பழைய வீட்டுச் சுவரிலுள்ள சுண்ணாம்புக் காரையையும் சோதித்தால் இரண்டிலும் கால்சியம் கார்பனேட் கிடைக்கும். கிளிஞ்சலும் பவளப்பாறையும் அதே பொருள்தான். கடல் உயிர்கள் அதை நீரிலிருந்து சேர்க்கின்றன. மனிதன் சுட்டுப் பிரித்து, சுவரில் மறுபடி கல்லாக்குகிறான்.

காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் கிளிஞ்சல் கரியமில வாயுவை விட்டுவிடும். தூய்மையான 100 கிலோவில் 44 கிலோ வாயுவாகப் போக, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணல் சேர்த்து அரைத்துப் பூசியபின், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கி இறுகும். தடித்த சுவரின் உட்புறம் இறுகப் பல ஆண்டுகள் ஆகும்.

காற்றை நம்பும் இந்தச் சுண்ணாம்பு நீருக்கடியில் இறுகாது. களிமண் கலந்த சுக்கான் கல்லைச் சுட்டால் கிடைப்பது இறுகும். களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் நீரோடும் வினைபுரிந்து கெட்டிப்படுவதே காரணம். சுட்ட செங்கல்லின் தூளான சுர்க்கியும் இதைச் செய்யும். 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவைதான் இருக்கிறது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள்.

இந்த வினையை அளந்து ஆளுவதே சிமெண்ட். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, அரைத்துச் செய்கிறார்கள். 1904-இல் சென்னையில் கடற்சிப்பியிலிருந்தே சிமெண்ட் தயாரித்துப் பார்த்தார்கள். இன்று தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் சிமெண்டில் சேர்ந்து, அன்றைய சுர்க்கியின் வேலையைச் செய்கிறது. அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவது குறைகிறது.

இந்தக் கடற்கரையில் சுண்ணாம்புக்குக் கொடுத்த விலை பெரிது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகளாக வெட்டியெடுத்துச் சுட்டார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகள் கரைந்தன. 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அவற்றின்மேல் பவளங்கள் வளரத் தொடங்கின.

வீடு கட்டச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உண்டு. சிக்கனப்படுத்தச் சாம்பலும் உண்டு. பவளப்பாறை கடலில் இருந்தபடியே கரையைக் காக்கும் வேலையை, அதைச் சுட்டுக் கட்டிய எந்தச் சுவரும் செய்ததில்லை.