விரல் நுனி வேதம் – 9: பயறு எண்ணிய ஊர்

சென்ற வாரம் செபமாலையோடு நிறுத்தினோம். மடத்தில் லத்தீன் படித்த துறவிகள் 150 சங்கீதங்களை ஓதினார்கள். எழுத்தறியாத சகோதரர்கள் அதற்கு ஈடாக 150 முறை பரலோக மந்திரம் சொன்னார்கள். பின்னால் அந்த இடத்துக்கு ‘அருள் நிறைந்த மரியே’ வந்தது. மற்றவை உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் ராமகோடி நோட்டுகள் என்று சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகளும் தயாராகவே இருந்தன. ஆனால் ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஒருவர் இடையில் வந்து, இந்த வாரப் பக்கங்களை முழுக்க எடுத்துக்கொண்டார். அவர் பெயர் தாவ்சுவோ. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை இந்த அளவுக்குச் சந்தோஷப்படுத்திய மனிதர் வேறு யாருமில்லை. ராமகோடி ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

தாவ்சுவோ பிறந்த ஆண்டு 562. ஊர், இன்றைய ஷான்சி மாகாணத்தில். பதின்மூன்று பதினான்கு வயதில் துறவு பூண்டார். சில ஆண்டுகளுக்குள் வடக்குச் சோவ் அரசு அவருடைய நாட்டைப் பிடித்தது. பௌத்த மடங்களை மூடி, துறவிகளைக் காவி களையச் செய்த அரசு அது. அந்த ஒடுக்குமுறையைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர், பிறகு பெரிய பண்டிதரானார். மகாபரிநிர்வாண சூத்திரம் மிக நீண்ட நூல். அதை முழுமையாக எடுத்து 24 முறை விரிவுரை செய்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. 609இல், ஏறத்தாழ 48 வயதில், ஷுவான்சோங் மடத்துக்குப் போனார். அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லும் வழியைப் பரப்பிய தான்லுவான் என்ற துறவியைப் பற்றிய கல்வெட்டு அங்கே இருந்தது. அதைப் படித்ததோடு பரிநிர்வாண சூத்திர விரிவுரையை நிறுத்திவிட்டார். அதன்பின் 645இல் இறக்கும்வரை அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு பெயரைத்தான். ஒரு நாளைக்கு எழுபதாயிரம் முறை அதைச் சொல்வது அவர் தமக்கு வைத்துக்கொண்ட கணக்கு.

அவரைச் சுற்றியிருந்தவர்கள் உழவர்கள். போரும் பஞ்சமும் மாறிமாறி வந்த காலம். சூத்திரம் படிக்க அவர்களுக்கு எழுத்து தெரியாது. தியானத்தில் உட்கார நேரமும் கிடையாது. அவர்களிடம் தாவ்சுவோ சொன்னது இவ்வளவுதான்: “வீட்டில் பயறு இருக்கிறதா? அதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பெயரை ஒரு முறை சொன்னால் ஒரு பயறைத் தள்ளுங்கள்.”

ஊர் முழுக்கப் பயறு தள்ளியது. யார் எத்தனை முறை சொன்னார்கள் என்பதைப் பயறின் அளவாலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். மிகவும் முனைந்தவர்கள் 80, 90 ‘ஷி’. நடுத்தரமானவர்கள் 50. சுமாராகச் சொன்னவர்கள் 20. அன்றைய அளவில் ஒரு ஷி ஏறத்தாழ 60 லிட்டர். நம்மூர்க் கணக்கில், சந்தையில் முதுகில் ஏற்றி இறக்குகிற ஐம்பது கிலோ மூட்டை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் எண்ணியது சிவந்த சிறுபயறு. மூட்டைக்குச் சில லட்சம் மணிகள் தேறும். ‘சுமாராகச் சொன்னவர்’ என்று பதிவாகியிருக்கும் அந்தப் பெயர் தெரியாத குடியானவர்கூட அப்படி இருபது மூட்டைப் பயறை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு நகர்த்தியிருக்கிறார். நமது பச்சைப்பயறில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். அந்தக் கைப்பிடி முடிவதற்குள்ளேயே அவர் எப்படிப்பட்டவர் என்பது விளங்கிவிடும்.

ஜின்யாங், தாய்யுவான், வென்ஷுய் என்ற மூன்று வட்டங்களில் ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்திருந்தது என்கிறது பழைய பதிவு. அமிதாபரின் உலகம் மேற்கே இருப்பதாக நம்பிக்கை. அதனால் அந்த ஊர்க்காரர்கள் மேற்குப் பார்த்துத் துப்பவும் மாட்டார்கள், மேற்கு நோக்கி ஒதுங்கவும் மாட்டார்களாம். ஒரு நூல் உபதேசிக்கப்பட்டதற்கும் ஒரு நம்பிக்கை ஊருக்குள் இறங்கியதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். துப்பும்போதுகூடத் திசை பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால், வழிபாடு அவர் உடம்புக்குள் போய்விட்டது என்று பொருள்.

தாவ்சுவோ இன்னொன்றும் செய்தார். ஓய்ந்த நேரத்தில் மர விதைகளைத் தாமே துளைத்துக் கோத்து, துறவி இல்லறத்தார் என்ற பேதமில்லாமல் மாலைகளாகக் கொடுத்தார். விதை மாலைக்குச் சீனத்தில் ஏற்கெனவே ஒரு சின்ன சூத்திரத்தின் ஆதரவு இருந்தது. அதன் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

எல்லைப்புறத்தில் ஒரு சிறு நாட்டின் அரசன். ஆண்டுதோறும் கொள்ளை, தானிய விலையேற்றம், கொள்ளைநோய். அவனுக்குத் தூக்கமே இல்லை. புத்தரிடம் தூதனுப்புகிறான். ‘உங்கள் தருமம் ஆழமானது, பரந்தது. அதைப் பயில எனக்கு வழியில்லை. இரவும் பகலும் சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்’ என்பது அவன் வேண்டுகோள். புத்தர் சொன்ன பதில்: 108 விதைகளைக் கோத்துக்கொள். நடந்தாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும் உன்னோடு வைத்துக்கொள். புத்தம், தம்மம், சங்கம் என்று சொல்லி ஒரு விதையைத் தள்ளு. இப்படிப் பத்து, இருபது, நூறு, ஆயிரம் என்று போய்க்கொண்டே இரு.

புத்தர் சொன்ன விதை எது தெரியுமா? பூந்திக்கொட்டை இனம். பட்டுப்புடவை அலசவும் நகை கழுவவும் தலைக்குத் தேய்க்கவும் நம் வீடுகளில் ஊறவைக்கும் அதே பூந்திக்கொட்டையின் உறவுக்கார மரம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி ஒன்றை உடைத்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் சுருங்கிய மேல்தோல், விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அதைப் பிய்த்தால் உள்ளே கெட்டியான, வழவழப்பான கறுப்பு உருண்டை. மேஜையில் விட்டால் கல் விழுகிற சத்தம். நுரை வருவது மேல்தோலில். விதையில் நமக்கு வேலை கிடையாது என்று எறிந்துவிடுகிறோம். அந்த எறியப்படும் விதைதான் ஓர் அரசனுக்குச் சொல்லப்பட்ட மருந்து. ருத்திராட்சமும் பவளமும் படிகமும் பிற்பாடு வரட்டும். தூங்க முடியாத மனிதனுக்குக் காசில்லாமல் கிடைப்பது கையில் இருந்தால் போதும்.

இந்தத் தொடரில் நான் விடாமல் சொல்லிவருவது ஒன்றே ஒன்று: எண்ணிச் சொல்லும் வழிபாடு, நூலும் நேரமும் மறுக்கப்பட்டவர்களின் வழிபாடு. அதை எந்திரத்தனம் என்று இகழ்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் படித்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். செபமாலை அதற்கு ஒரு சான்று. பயறு மூட்டைகள் அதைவிடப் பெரிய சான்று. அதைக் கற்றுக்கொடுத்தவர் படிக்காதவர் அல்லர் என்பது இங்கே முக்கியம். 24 முறை பெருநூலை விரித்துரைத்த ஒருவர், அந்த நூலைத் தொட முடியாதவர்களுக்காக மூட்டையை அவிழ்த்தார்.

அந்தப் பயறு எவ்வளவு தூரம் போய் முளைத்தது என்று பாருங்கள். தாவ்சுவோவின் மாணவர் ஷான்தாவ். அவர் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1175இல், அவருடைய உரையைப் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர் ஜப்பானியத் துறவி ஹோனென். கல்விக்குப் பேர்போன ஹியேய் மலையில் பயின்றவர், மலையிலிருந்து இறங்கி வந்து எல்லோருக்கும் அமிதாபரின் பெயரைக் கொடுத்தார். உழவர், போர்வீரர், மீனவர், உடலை விற்றுப் பிழைத்த பெண்கள், யாரையும் அவர் விலக்கவில்லை. 1207இல் நாடு கடத்தப்பட்டுப் போகிற வழியில் முரோ துறைமுகத்தில் அப்படி ஒரு பெண் படகில் வந்து கதி கேட்டதும், அவளுக்கும் அதே பெயரையே அவர் சொன்னதும் அவருடைய சரித்திரத்தில் புகழ்பெற்ற காட்சி.

ஹோனென் தினமும் 60,000 முறை சொன்னார் என்பது மரபு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விழித்திருக்கும் நேரம் பதினெட்டு மணி என்று வைத்தால் 64,800 விநாடிகள். ஏறத்தாழ விநாடிக்கு ஒரு பெயர். சாப்பாட்டிலும் நடையிலும் பேச்சின் இடைவெளியிலும் பெயர் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்தக் கணக்கு கட்டும். அதாவது, வாழ்க்கைக்கு நடுவில் வழிபாட்டுக்கு நேரம் ஒதுக்குகிற பேச்சே இங்கே இல்லை.

ஹோனென் வழிவந்த சியோன்ஜி என்ற கோயில் கியோட்டோவில் இருக்கிறது. ஊரார் அதை ‘ஹியாகுமான்பென்’ என்கிறார்கள். பத்து லட்சம் முறை என்று பொருள். 1331இல் கொள்ளைநோய் பரவியபோது, பேரரசர் கோ-டைகோவின் ஆணைப்படி கூஎன் என்ற தலைமைத் துறவி ஏழு நாளில் பத்து லட்சம் முறை பெயரைச் சொன்னதாகவும், நோய் தணிந்ததாகவும், ‘ஹியாகுமான்பென்’ என்ற பெயரைப் பேரரசரே கோயிலுக்கு வழங்கியதாகவும் வரலாறு. பின்னாளில் இது ஊர்கூடிச் செய்யும் வழிபாடாக மாறியது. 1,080 மணிகள் கொண்ட ஒரே பெரிய மாலை. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, மாலையைக் கைமாற்றிக் கைமாற்றி நகர்த்துவார்கள். மணிக்கு ஒரு பெயர். நூறு சுற்று வந்தால் பத்துப் பேர் வாயாலும் சேர்த்து 10,80,000. ஒருவரால் ஏழு நாளில் முடிந்தது, ஊர் கைகோத்தால் ஒரே அமர்வில் முடிகிறது. ஜப்பானியக் கிராமங்களில் இந்த மாலையை உயிரோடு வைத்திருந்தவர்களில் வயதான பெண்கள் ஏராளம்.

பெண்கள் என்றதும் பாத்திமா நாயகியின் நினைவு வருகிறது. திரிகை சுற்றிச் சுற்றி அவர் கை காய்த்துப்போயிருந்தது. வேலைக்கு ஓர் ஆள் கேட்டுத் தந்தை நபிகள் நாயகத்தின் வீட்டுக்குப் போனார். அப்போது அவரைப் பார்க்க முடியவில்லை. செய்தி அறிந்த நபிகள், மகளும் மருமகன் அலியும் படுத்துவிட்ட நேரத்தில் தாமே வந்து உட்கார்ந்தார். படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லுங்கள், வேலையாளைவிட இது உங்களுக்கு மேலானது என்றார். நம் ஊர்களில் ‘பாத்திமா தஸ்பீஹ்’ என்று சொல்கிறார்களே, அதன் தொடக்கம் ஒரு பெண்ணின் கை வலி. அதற்கு மணிமாலைகூட வேண்டாம். விரல்களால் எண்ணுங்கள், மறுமையில் அவை பேசவைக்கப்படும் என்று பெண்களுக்குச் சொல்லப்பட்ட நபிமொழியும் இருக்கிறது. பெருவிரலால் கணு கணுவாகத் தொட்டு எண்ணும் பாட்டிமார்களைத் தொழுகை விரிப்பிலும் பூஜை அறையிலும் ஒரே மாதிரி பார்க்கலாம்.

வேலையாளைக் கேட்டவருக்கு எண்ணிக்கை கிடைத்தது ஆறுதலா என்று ஒரு வாசகி சில வாரங்களுக்கு முன் கோபமாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் இதை இப்படிப் பார்க்கிறேன். ஓய்வே இல்லாதவருக்கு அளவில்லாத வழிபாடு இன்னொரு வேலைச்சுமை. 33, 33, 34 என்றால் அது முடிகிறது. நூறு ஆனதும், இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று கண்ணை மூடலாம். அந்தப் பெண்ணின் நாளில் ‘முடிந்தது’ என்று சொல்லத்தக்க வேறு எந்த வேலை இருந்திருக்கும்? மாவு மறுநாளும் அரைக்க வேண்டும். எண்ணிக்கை அவருக்குப் போதும் என்ற நிறைவைக் கொடுக்கிறது. தனி வாழ்க்கையில் எண்ணிக்கை செய்யும் பெரிய உபகாரம் இது என்றே நம்புகிறேன்.

எண்ணிக்கையைக் கடந்தவர்களும் இதே மரபுகளுக்குள் இருக்கிறார்கள். ஹோனெனின் சீடர் ஷின்ரான், முழு நம்பிக்கையோடு ஒரு முறை எண்ணமெழுந்தாலே போதும், அதற்குப் பின் சொல்வதெல்லாம் நன்றி என்றார். அதிகாலை முதல் வெயிலேறும்வரை தொழுத இடத்திலேயே அமர்ந்து துதித்துக்கொண்டிருந்த தம் மனைவி ஜுவைரியா நாயகியிடம், நான்கு வாசகங்களை மூன்று முறை சொன்னேன், அவை நீ இதுவரை சொன்னதற்கு ஈடான கனமுள்ளவை என்றார் நபிகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் யாரும் நூலைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அறுபதாயிரத்தை ஒன்றாக்கினாலும் அந்த ஒன்று உழவனுக்கும் எட்டுகிற ஒன்று. வழி மேலும் அகலமாயிற்றே தவிர, குறுகவில்லை.

அடுத்த வாரம் உறுதியாகத் திருவையாறு. தியாகராஜ சுவாமிகள் 21 ஆண்டுகளில் 96 கோடி ராமநாமம் சொன்னதாக மரபு. வகுத்துப் பார்த்தால் தினமும் ஒன்றேகால் லட்சம். ஹோனெனின் கணக்கைப் போல இரண்டு மடங்கு. அதோடு ராமகோடி நோட்டும் உண்டு. அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. எண்ணிச் சொல்வது எழுத்தறியாதவர் வழி என்று ஒன்பது வாரமாக வாதாடுகிறேன். ராமகோடி எழுத எழுத்து தெரிய வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் ‘ராம’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு நோட்டை நிரப்பினால், அதைப் படிப்பு என்பதா, செபம் என்பதா? உங்கள் வீட்டில் அப்படி நோட்டு எழுதியவர்கள் இருந்தால், அவர்களுக்கு வேறு எழுத்துகளும் தெரியுமா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டுதான் அடுத்த வாரம் தொடங்க நினைத்திருக்கிறேன்.

(தொடரும்)