தந்தியும் மூன்றெழுத்தும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் எங்கள் நாரந்தனையில் ஒரு காலம், தந்திக்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தினால் உறையைப் பிரிக்க முன்னமே அழுகை தொடங்கிவிடும். கொழும்பிலிருக்கும் மகனுக்கு ஊரிலிருந்து போவதும் அப்படித்தான்: 'ஃபாதர் எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இமிடியட்லி.' சொல்லுக்குச் சொல் காசு. துக்கத்தையும் எண்ணித்தான் அனுப்பினார்கள்.

கடிதம் வேறு. சைவ வீட்டில் பிள்ளையார் சுழி, 'சிவமயம்'. கத்தோலிக்க வீட்டில் யேசு, மரி, சூசை. பிறகு 'நலம், நலமறிய ஆவல்'. நீல வான்கடிதத்தில் இடம் முடிந்தால் ஓரத்தைச் சுற்றி எழுதுவார்கள். எழுத்துத்தான் சிறுக்கும், சொல் சிறுக்காது. சுருக்கம் தமிழுக்குப் புதிதென்றும் சொல்லமாட்டேன். 'மேற்படி'க்கு ௸, வருடத்துக்கு ௵ என்று குறிகள் இருந்தன. 2003இல் யுனிகோட்டிலும் ஏறின. அவை கணக்குக்கும் காணி உறுதிக்கும் ஆனவை, உறவுக்கு அல்ல.

1990இல் போரினால் தீவகம் இடம்பெயர்ந்தது. பலர் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று போய்ச் சேர்ந்தார்கள். கைபேசி வந்தபோது ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும், தமிழ் 70தான். 'நன்றி' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கைபேசிக்கோ புள்ளியும் விசிறியும் தனித்தனி, ஐந்தாக எண்ணும். பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்குத் தாவியதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களைக் குறை சொல்வது சரியல்ல. அந்த வழியாகத்தான் 'ஜி.எம்.' என்ற காலை வணக்கமும், 'எச்.பி.டி.' என்ற பிறந்தநாள் வாழ்த்தும் நம்மிடம் வந்தன.

'எல்.ஓ.எல்.' வாய்விட்டுச் சிரிப்பது. அதை 'நிறைய அன்பு' என்று எண்ணி அப்போதைய பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் தன் செய்திகளின் அடியில் போட்டுவந்தது 2012இல் ஒரு விசாரணையில் வெளிவந்தது. பிரதமருக்கே தடுமாற்றமென்றால் எங்கள் பெரியம்மாமாருக்கு வராதா? சாவுச் செய்தியின் கீழ் அந்த மூன்றெழுத்து விழுந்தால் என்னவாகும்!

'ஆர்.ஐ.பி.' பழையது. கத்தோலிக்கக் கல்லறைகளில் பொறிக்கும் இலத்தீன் மன்றாட்டின் முதலெழுத்துகள் அவை: 'சமாதானத்தில் இளைப்பாறுவாராக.' இலத்தீன் பூசை கண்ட எங்கள் முதியவர்களுக்கு அது செபம். இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட, நாற்பது பேர் அதையே போடுகிறார்கள்.

தந்திக்குக் காசில்லாமல் சுருக்கினோம். இன்று சொல்லுக்குக் காசில்லை, எழுபது எழுத்து எல்லையும் இல்லை. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கட பிள்ளைகளே, பகிடிக்கு எப்படியும் சுருக்குங்கோ. செத்தவீட்டுக்கு மட்டும் முழுதாய் எழுதுங்கோ: போனவரின் பெயரைச் சொல்லி, அவரோடு உங்களுக்கிருந்த ஒரு நினைவைச் சொல்லி, தமிழில்.